‘வெல்கம் பேக்’ சொல்லும் முதல் காணொளி: மாணவர் வ்லாக்குகளும் ஆற்றுப்படையும்

“ஹாய் கைஸ், வெல்கம் பேக் டு மை சேனல்!” நம் மாணவர்கள் எடுக்கும் தமிழ் வ்லாக்குகளில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்குகின்றன. பல நேரம் அது அந்த மாணவரின் முதல் காணொளியாக இருக்கும். அந்தச் சேனலுக்கு இதற்கு முன் யாரும் வந்ததே இல்லை. வராதவரை எப்படித் ‘திரும்ப’ வரவேற்பது? கேட்டால், “எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க டீச்சர்” என்று பதில் வரும். பதில் நேர்மையானதுதான். தொடக்கநிலை வ்லாக்குகளில் உள்ள கோளாறு முழுவதும் அந்தப் பதிலில் அடங்கியிருக்கிறது.

ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்காகவும் வகுப்புத் திட்டப்பணிக்காகவும் இப்போது கட்டுரைக்குச் சமமாகக் காணொளிகள் வருகின்றன. ஆசிரியர்களாகிய நாம் அவற்றைப் பார்த்து, சிரித்து, மதிப்பெண் போட்டு, அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். ஒரு கட்டுரையைத் திருத்துவதுபோல், ஒரு கவிதையை நயம் பாராட்டுவதுபோல் இவற்றை உட்கார்ந்து ஆராய்வதில்லை. ஆராய வேண்டும் என்பது என் கருத்து. இந்தக் கட்டுரை அதற்கான ஒரு முயற்சி. மாணவர்களே, நீங்களும் படியுங்கள். உங்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

சிங்கப்பூரின் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவதாகச் சொன்ன குடியிருப்பாளர்கள் 3.3 விழுக்காடு. 2020இல் அது 2.5 ஆகிவிட்டது. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3க்கு ஏறியது. இந்த நிலையில் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை கைத்தொலைபேசியைத் தானே தூக்கிப் பிடித்து, தானே ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுத்து, மூன்று நிமிடம் தமிழில் பேசுகிறது என்றால் அது சின்ன விஷயமா? வகுப்பில் நாம் கேட்டதற்குப் பதில் சொல்லும் தமிழ் வேறு, தானாகப் பேசும் தமிழ் வேறு. அந்த இரண்டாவது தமிழ் எப்படி இருக்கிறது என்று பார்க்க, வ்லாக்கைவிட நல்ல சன்னல் நமக்கு இப்போது இல்லை.

அந்தச் சன்னல் வழியாக என்ன தெரிகிறது? ஒரு முகம் தெரிகிறது. முகத்துக்குப் பின்னால் கொஞ்சம் தேக்கா. “சோ கைஸ், இன்னிக்கு நான் உங்கள எடுத்துக்கிட்டுப் போகப்போறேன் தேக்காவுக்கு.” ஆட்களை ‘எடுத்துக்கிட்டுப்’ போக முடியாது, கூட்டிக்கிட்டுத்தான் போகணும் என்பது இருக்கட்டும். அந்த மூன்று நிமிடம் முடிந்தபின் தேக்காவைப் பற்றி நமக்குத் தெரிந்தது என்ன? மீன் இருக்கிறது, காய்கறி இருக்கிறது, தோசை சூப்பர், பிரியாணி வேற லெவல். தேக்காவுக்கே போகாத ஒருவரும் இதைச் சொல்லிவிடலாம்.

யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாததுதான் முதல் குறை. ‘கைஸ்’ என்பது யார்? ஒருவரும் இல்லை. முகமில்லாத ஒரு கூட்டம். முகமில்லாதவரிடம் பேசும்போது யாருக்கும் பொதுப்படையாகத்தான் வாய் வரும்.

இங்கேதான் எனக்கு ஆற்றுப்படை நினைவுக்கு வருகிறது. சிரிக்காதீர்கள், காரணத்தோடுதான் சொல்கிறேன். பத்துப்பாட்டில் பாதி, அதாவது ஐந்து நூல்கள், ஆற்றுப்படைகள். திருமுருகாற்றுப்படையை விட்டுவிடுவோம், அது பக்தனை முருகனிடம் அனுப்புவது. மற்ற நான்கிலும் நடப்பது ஏறக்குறைய ஒன்றே. ஒரு வள்ளலிடம் போய்ப் பரிசில் பெற்று வரும் கலைஞன், பசியோடு எதிரே வரும் இன்னொரு கலைஞனைப் பார்க்கிறான். ‘நான் போய் வந்தேன், நீயும் போ, வழி இது, போகும்போது இதையெல்லாம் பார்ப்பாய், இங்கே இது சாப்பிடக் கிடைக்கும்’ என்று சொல்கிறான். போய்ப் பார்த்தவன், போகாதவனுக்கு, முன்னிலையில், இடத்தைக் காட்டிப் பேசுகிறான். வ்லாக் செய்வதும் இதைத்தானே?

ஒரு வித்தியாசம். ஆற்றுப்படையில் பேசுகிறவனுக்குக் கேட்கிறவன் யார் என்று நன்றாகத் தெரியும். பாணன் பாணனிடம் பேசுகிறான், கூத்தன் கூத்தனிடம். எதிரே நிற்பவனின் பசி, களைப்பு, கூட வரும் சுற்றத்தார் எல்லாம் கண்முன் இருக்கின்றன. அதனால்தான் பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியில் என்ன சாப்பாடு, ஆயர் குடியில் என்ன, உழவர் வீட்டில் என்ன, வலைஞர் வீட்டில் என்ன என்று இடம் இடமாகச் சொல்ல முடிகிறது. பசித்தவனுக்கு வேண்டிய செய்தி அது. மலைபடுகடாம் இன்னும் ஒரு படி மேலே. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு இருக்கும் குழி எங்கே, தினைப்புனம் காக்கிறவர்கள் எறியும் கவண்கல் எந்தப் பக்கம் வரும், பாசி படிந்து வழுக்கும் இடம் எது என்றெல்லாம் எச்சரிக்கிறது. அந்த மலையில் தன் காலால் நடந்தவனிடமிருந்துதான் இத்தகைய செய்தி வரும்.

ஆகவே தொடக்கநிலை வ்லாக்கருக்கு நான் முதலில் கேட்பது: உங்கள் காணொளியைப் பார்க்கப்போகும் ஒரே ஒரு ஆளைச் சொல்லுங்கள். ஜொகூரில் இருக்கும் பாட்டியா? இந்த வருடம்தான் இந்தியாவிலிருந்து வந்து உயர்நிலை ஒன்றில் சேர்ந்த மாணவரா? அவருக்கு என்ன ‘பசி’? பாட்டிக்குத் தேக்காவில் மீன் விலை தெரிய வேண்டும். புதிதாக வந்தவருக்கு எந்த மாடியில் சாப்பாடு, எந்த மாடியில் துணி என்று தெரிய வேண்டும். ஆள் முடிவானவுடன் ‘கைஸ்’ தானாக உதிர்ந்துவிடும். பாட்டியைப் பார்த்து ‘ஹாய் கைஸ்’ சொல்ல யாருக்கும் வாய் வராது.

(ஒரு சின்ன இடைச்செருகல். ஆற்றுப்படை என்பது பரிசில் வாங்கிக்கொண்டு ஒருவரைப் புகழ்வது. இந்தக் காலத்து விளம்பரதாரர் காணொளியின் மூதாதை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் பாணன் தான் வாங்கியதை மறைப்பதில்லை. என்னென்ன கொடுத்தார்கள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் புகழ்கிறான். இலவசமாகச் சாப்பிட்டுவிட்டு அதை மூச்சுவிடாமல் ‘வேற லெவல்’ என்பவர்கள் கவனிக்கலாம்.)

அடுத்தது மொழி. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

மாணவர் வ்லாக்குகளில் இரண்டு வகைத் தமிழ் கேட்கிறது. ஒன்று மேலே சொன்ன ‘கைஸ்’ தமிழ். ‘சோ’, ‘லைக்’, ‘ஆக்சுவலி’ ஆகியவை எலும்பு. தமிழ்ச் சொற்கள் மேலே ஒட்டிய சதை. மற்றது, எழுதி மனப்பாடம் செய்த தமிழ்: “நான் இப்பொழுது தேக்கா நிலையத்தின் முன்பு நின்றுகொண்டிருக்கிறேன். மக்கள் பொருள்களை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.” செய்தி வாசிப்பு மாதிரி. இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் சந்தை நடுவில் நின்று உலகத்தில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. பல ஆசிரியர்கள் இரண்டாவதற்கு அதிக மதிப்பெண் தருகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் மாணவரிடம் உயிர் இருக்கிறது, தமிழ் இல்லை. இரண்டாமவரிடம் தமிழ் இருக்கிறது, உயிர் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே மருந்து: நல்ல பேச்சுத்தமிழ்.

“இப்ப நான் தேக்கா சந்தைக்கு முன்னாடி நிக்கிறேன். காலையில ஏழு மணிதான் ஆகுது, அதுக்குள்ள எவ்வளவு கூட்டம் பாத்தீங்களா?” இதில் என்ன குறை? கொச்சை இல்லை, ஆங்கிலம் இல்லை, எந்த வட்டாரத்தாருக்கும் புரியும். நம் பாடத்திட்டம் பல ஆண்டுகளாக வலியுறுத்துகிற பேச்சுத்தமிழ் இதுதான். 2005இல் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் வேண்டும் என்று பரிந்துரைத்ததே, அதன் பயன் தெரிய வேண்டிய இடம் வ்லாக்தான்.

பிள்ளைகளுக்கு இந்தத் தமிழ் ஏன் வரவில்லை என்று யோசித்தால் ஒன்று புலப்படுகிறது. அவர்களிடம் வினைச்சொல் இருக்கிறது, பெயர்ச்சொல் இருக்கிறது. பேச்சைக் கோக்கும் நூல்தான் இல்லை. ‘சோ’ வருமிடத்தில் தமிழர் என்ன சொல்வார்கள்? ‘அதனாலதான்’, ‘சரி, இப்ப’, ‘அப்புறம்’. ‘ஆக்சுவலி’ இடத்தில்? ‘உண்மையில என்னன்னா’, ‘விஷயம் என்னன்னா’. ‘லைக்’ என்று தடுமாறும் இடத்தில்? ‘எப்படிச் சொல்றது’, ‘அதாவது’. ‘கைஸ், லுக் அட் திஸ்’ என்பதற்கு? ‘இங்க பாருங்களேன்’. ‘வெயிட்’ என்பதற்கு ‘இருங்க, இருங்க’. பாடநூலில் சொற்களஞ்சியப் பட்டியல் உண்டு. இந்த இணைப்புச் சொற்களுக்குப் பட்டியல் பார்த்திருக்கிறீர்களா? ‘என்னன்னா’ என்கிற ஒரு சொல்லை மட்டும் ஒரு வாரம் வகுப்பில் புழங்கவிட்டுப் பாருங்கள். “இந்தக் கடையில விசேஷம் என்னன்னா...” என்று தொடங்கிய பிள்ளை அந்த வாக்கியத்தைத் தமிழில் முடித்தே ஆக வேண்டும்.

பேட்டி எடுக்கும் இடமும் அப்படியே. “அங்கிள், இந்தக் கடை பழைய கடையா?” “ஆமா.” “பிசினஸ் நல்லா இருக்கா?” “நல்லா இருக்கு.” முடிந்தது. ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் வரும் கேள்விகளைக் கேட்டால் வேறு என்ன கிடைக்கும்? “அண்ணே, இது என்ன மீன்? இத எப்படிப் பாத்து வாங்கணும்?” என்று கேட்டுப் பாருங்கள். செவுளைத் தூக்கிக் காட்டி, கண்ணைக் காட்டி, அவர் ஒரு வகுப்பே எடுத்துவிடுவார். ‘அண்ணே’ என்று கூப்பிட்டதே பாதி வேலையைச் செய்துவிடும்.

இரண்டாவது குறை, படம் சொல்வதை வாயும் சொல்வது. திரையில் வாழைப்பூ. குரல் சொல்கிறது: “இது வாழைப்பூ.” திரையில் படிக்கட்டு. “இப்ப நாம படிக்கட்டுல ஏறிக்கிட்டு இருக்கோம்.” கண் இருக்கிறவருக்கு இது எதற்கு? படம் காட்ட முடியாததைச் சொல்லத்தான் குரல். வாசம், எடை, விலை, முன்பு இருந்தது, இனி வரப்போவது. இவற்றைப் படம் எடுக்க முடியாது.

தேக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா கட்டடத்தைக் காட்டும். 1982இல் அது திறந்தபோது ‘சூ ஜியாவ் நிலையம்’ என்று மாண்டரின் பெயரில் இருந்தது என்பதைக் காட்டாது. 2000இல்தான் பெயர்ப்பலகை ‘தேக்கா’ ஆனது. ‘தேக்கா’ தமிழ்ச் சொல் என்று நினைக்கும் மாணவர் பலர் உண்டு. அது ஹொக்கியன் பேச்சிலிருந்து வந்தது, மூங்கில் அடி என்று பொருள். மலாய்க்காரர்கள் அந்த வட்டாரத்தைக் ‘கண்டாங் கெர்பாவ்’ என்றார்கள், எருமைத் தொழுவம். ஒரு சந்தைக்கு மூன்று மொழியில் மூன்று கதை. அந்தப் படிக்கட்டில் ஏறும்போது சொல்வதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இதற்கு எதிராக நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ காரர்கள் பாத்திரத்தில் போடும் ஒவ்வொரு பொருளையும் பெயர் சொல்லிக் கத்துகிறார்களே, அது மட்டும் சரியா? நல்ல கேள்வி. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில் 2018இல் பெரியதம்பித் தாத்தாவும் பேரன்களும் தொடங்கிய சேனல் அது. 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ் யூடியூப் சேனல். கவனித்துப் பாருங்கள். கரண்டியில் இருக்கும் தூள் மல்லித்தூளா சீரகத்தூளா என்று படத்தில் தெரியாது. ஆகவே பெயர் தேவைப்படுகிறது. பொருள் பாத்திரத்தில் விழும் அதே நொடியில் பெயர் விழுகிறது. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அம்மி அரைபடுகிறது, எண்ணெய் சடசடக்கிறது, யாரும் குறுக்கே பேசுவதில்லை. கடைசியில் முதியவர்கள் உட்கார்ந்து சாப்பிடும்போது ‘எப்படி இருக்கு?’ என்று வாயைக் கிளறுவதும் இல்லை. அவர்கள் சாப்பிடும் வேகமே போதும். வெளிநாட்டினரும் அந்தச் சேனலைப் பார்ப்பதற்குக் காரணம் இந்த அடக்கம்தான் என்பேன். நம் பிள்ளைகள் அதிலிருந்து எடுத்துக்கொள்வது என்னவோ அந்தக் கத்தலை மட்டும்.

சாப்பாடு என்று வந்துவிட்டதால், ‘வேற லெவல்’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொருநராற்றுப்படையில் கரிகாலன் வீட்டில் இறைச்சி சாப்பிட்ட பொருநன் என்ன சொல்கிறான்? சூப்பர் என்றா? இரவும் பகலும் தின்று தின்று, கொல்லை உழுத கலப்பைக் கொழு தேய்ந்ததுபோல் தன் பல் மழுங்கிப்போனது என்கிறான். ‘ருசி’ என்ற சொல்லே வேண்டியிருக்கவில்லை. பல்லுக்கு என்ன ஆனது என்று சொன்னான், நமக்கு வாய் ஊறுகிறது. ஆகவே மாணவர்களே, அடுத்த முறை பிரியாணிக் கடையில் நிற்கும்போது ‘சூப்பர், செம, வேற லெவல், அமேசிங்’ நான்கையும் பூட்டி வையுங்கள். உங்கள் நாக்குக்கு, மூக்குக்கு, கண்ணுக்கு, கைக்கு என்ன ஆனது என்று மட்டும் சொல்லுங்கள். “மூக்குல தண்ணி வந்துருச்சு, ஆனாலும் கை நிக்கல.” இது போதும், எனக்குக் காரமும் தெரிந்துவிட்டது, ருசியும் தெரிந்துவிட்டது.

ஓசையை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம் எல்லாரும் அதைக் கடைசியில் வைப்பதுதான். காணொளி முழுக்க ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பிவிடுகிறார்கள். (உரிமையாளர் கோரினால் யூடியூப் அந்த ஒலியையே முடக்கிவிடலாம், அது தனிச் சிக்கல்.) பாட்டு போட்டவுடன் தேக்கா செத்துவிடுகிறது. கறிவெட்டும் கத்தியின் சத்தம், தள்ளுவண்டிச் சக்கரம், மூன்று மொழியில் பேரம், பரோட்டாக் கல்லில் கரண்டி. இவை இல்லாத தேக்கா என்ன தேக்கா? ‘மலைபடுகடாம்’ என்ற பெயரே ஓசையிலிருந்து வந்தது. மலையை யானையாகவும், அதில் எழும் ஓசையை அதன் மதநீராகவும் வைத்த பெயர் என்று பழைய உரை சொல்கிறது. 583 அடிகள் கொண்ட அந்தப் பாட்டில் ஓசைகளுக்கென்றே ஒரு நீண்ட பகுதி உண்டு. அருவி, கிளியோட்டும் பெண்கள், தானியம் குற்றும் பாட்டு, குரவைக் கூத்து, புலி கிழித்த கணவனின் புண் ஆறுவதற்காக மனைவி பாடும் பாட்டு. கேமரா இல்லாத காலத்தில் ஒருவர் ஓர் இடத்தைக் காதால் பதிவு செய்திருக்கிறார். நம் கையில் ஒலிப்பதிவுக் கருவியே இருக்கிறது, நாம் அதை அணைத்துவிட்டுப் பாட்டுப் போடுகிறோம்! எந்த இடத்துக்குப் போனாலும், பேசத் தொடங்குமுன் முப்பது விநாடி வாயை மூடிக்கொண்டு அந்த இடத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். தொகுக்கும்போது அது எங்கெல்லாம் உதவுகிறது என்று பார்த்து ஆச்சரியப்படுவீர்கள்.

மற்றத் தொழில்நுட்பம் எல்லாம் ஐந்து நிமிடப் பாடம். வெளிச்சம் முகத்துக்கு முன்னால் இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் அல்ல. காற்று அடிக்கும் இடத்தில் கைத்தொலைபேசியின் ஒலிவாங்கியை நம்பாதீர்கள். கம்பியுள்ள காதொலிக் கருவியே பரவாயில்லை. ஒரு காட்சியைப் பத்து விநாடியாவது அசைக்காமல் பிடியுங்கள். கடைக்காரர் முகத்தை எடுக்குமுன் அனுமதி கேளுங்கள். எடுத்து முடித்ததும் முதல் இருபது விநாடியை வெட்டிப் பாருங்கள். அநேகமாகக் காணொளி அங்கிருந்துதான் உண்மையில் தொடங்கும்.

சக ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. நம் மதிப்பீட்டுப் படிவத்தில் ‘படைப்பாற்றல்’ என்று ஒரு கட்டம் இருக்கும். காட்சி மாறும்போது நட்சத்திரம் பறந்தால், எழுத்து சுழன்று வந்தால், அதில் முழு மதிப்பெண் விழுகிறது. அந்த நட்சத்திரத்தைச் செய்தது செயலி. பிள்ளை செய்தது என்ன? என் யோசனை: அந்தக் கட்டத்தை அழித்துவிட்டு, ‘இந்த மாணவர் மட்டுமே சொல்லியிருக்கக்கூடிய ஒரு வாக்கியம் இதில் உண்டா?’ என்று எழுதிவையுங்கள். உண்டு என்றால் அந்த வாக்கியத்தை அப்படியே எழுதிக் காட்ட வேண்டும் என்று நமக்கு நாமே விதி வைத்துக்கொள்வோம். கட்டுரைத் திருத்தத்தில் நல்ல தொடருக்குக் கீழே கோடு போடுகிறோமே, அதுபோல.

தேர்வு எழுதும் மாணவர்கள், ‘இதெல்லாம் எங்களுக்கு எதுக்கு?’ என்று கேட்பது கேட்கிறது. வாய்மொழித் தேர்வில் உங்களுக்கு ஒரு காணொளி காட்டுகிறார்கள், அதையொட்டி உரையாட வேண்டும். பலர் செய்வது என்ன? “காணொளியில் ஒரு மூதாட்டி வருகிறார். ஒரு சிறுவன் அவருக்கு உதவுகிறான். பிறகு...” என்று பார்த்ததை வரிசையாக ஒப்பிப்பது. எதிரில் இருக்கும் தேர்வாளரும் அதே காணொளியைப் பார்த்தவர்தான். இது வாழைப்பூ என்று வாழைப்பூவைக் காட்டிச் சொன்ன அதே கதை. அவர் கேட்க விரும்புவது படத்தில் இல்லாதது: அந்தச் சிறுவன் ஏன் முதலில் தயங்கினான் என்று நினைக்கிறீர்கள், உங்கள் புளோக்கில் அப்படி ஒரு பாட்டி உண்டா, அவருக்கு யார் உதவுகிறார்கள், நீங்கள் என்ன செய்வீர்கள். ‘எனக்கு என்ன தோணுதுன்னா’ என்று தொடங்கத் தெரிந்தவருக்கு அடுத்த வாக்கியம் வந்துவிடும்.

ஜூன் விடுமுறைக்கு என் உயர்நிலை மூன்று மாணவர்களுக்கு நான் கொடுக்கவிருக்கும் வேலை இது. விரும்பினால் நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 90 விநாடி. இடம், உங்கள் புளோக்கின் கீழ்த்தளம் அல்லது பக்கத்து உணவங்காடி நிலையம். உங்கள் முகம் வரக்கூடாது, குரல் மட்டும். பின்னணி இசை கிடையாது. யாருக்காக எடுக்கிறீர்கள் என்று அவர் பெயரைச் சொல்லித் தொடங்குங்கள். குறைந்தது ஒருவரிடம் ‘எப்படி’ என்றோ ‘ஏன்’ என்றோ ஒரு கேள்வி கேளுங்கள். எடுத்து முடித்ததும் வகுப்பில் முதல் முறை படத்தை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் போடுவோம். எந்த இடம் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.